தாய்ப்பேன்

கொல்லங்கோட்டுக்குத் தெற்கே, தெம்மலை அடிவாரத்தில், ஆறுமுகசாமிப் பண்ணாடிக்கு ஒரு முந்திரித்தோப்பு இருந்தது. மரம் எத்தனை என்று கேட்டால் பண்ணாடி அறுபத்தொன்று என்பார். காவலுக்கு இருந்த சென்னியப்பனும் அறுபத்தொன்று என்பான். அவன் பெண்டாட்டி ராமுத்தாய் மட்டும் அறுபது என்பாள். அறுபத்தொன்றாவதை அவள் மரத்தோடு சேர்ப்பதில்லை. அது மருதா.

மருதாத்தாள் என்று முழுப்பேர். சென்னியப்பனின் தாயார் பேரைத்தான் பிள்ளைக்கு வைத்திருந்தார்கள். மூன்று வயசு முடிந்து நாலு மாசம். ஒரு ஆடி மாசம் விடாத காய்ச்சல். பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ் வந்தது. ஏறுவதற்கு வேலையில்லாமல் போய்விட்டது.

அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பாடுபடுகிற மண்ணிலேயே ஓரமாகப் புதைப்பார்கள். கல் நட மாட்டார்கள், பேர் எழுத மாட்டார்கள். நரி தோண்டாமல் இருக்க முள்ளை வெட்டிப் போட்டு, இடம் மறக்காமல் இருக்கத் தலைமாட்டில் ஏதாவது ஒரு விதையை ஊன்றிவிடுவார்கள். பண்ணாடியிடம் கேட்டுக்கொண்டு, சென்னியப்பன் ஊறவைத்த முந்திரிக்கொட்டை மூன்றை ஊன்றினான். ஒன்று முளைத்தது.

அது நடந்து ஏழாவது வருசம் இது. மூன்றாம் வருசத்திலிருந்து அந்த மரம் பூத்தது. பழம் மஞ்சள் நிறம். ரோட்டில் போகிற வருகிற பிள்ளைகள் கேட்டால் ராமுத்தாய் பறித்துக் கொடுப்பாள், தான் ஒரு பழம் வாயில் வைக்க மாட்டாள். கல்லெறிந்து பறிக்கிறவன் யாராக இருந்தாலும் அன்றைக்கு அவன் ஏழு தலைமுறைக்கும் வசவு விழும். ஆனால் கொட்டை பண்ணாடியுடையது. அதில் மாத்திரம் அவள் கை நீளாது. அந்த மரத்துக் கொட்டையையும் கடைசிக் கொட்டை வரைக்கும் பொறுக்கி மூட்டையில் போட்டுவிடுவாள்.

போன பங்குனியில் கொட்டை எடுக்க வந்த மஜீத் ராவுத்தர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ராவுத்தர் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கொட்டை வாங்கி, கொல்லத்து ஃபேக்டரிகளுக்கு லாரி ஏற்றிவிடுகிறவர்.

“ஏம்மா ராமுத்தா, அந்த மரத்துக் கொட்டையில ஒண்ணாச்சும் எடுத்து வெச்சுக்கப்படாதா? பண்ணாடி என்ன கொட்டைகொட்டையாவா எண்ணறாரு?”

“எனக்கு எதுக்கு ராவுத்தரே? மரமே இங்கன நிக்கி. கொட்டையக் கொண்டுபோயி என்ன செய்ய?”

அவளுக்குப் பேச்சு இந்த ஊர்ப் பேச்சில்லை. சாந்தன்பாறை ஏலமலையில் பிறந்தவள். தென்காசிப் பக்கமிருந்து தாத்தன் காலத்தில் மலை ஏறின குடும்பம். சென்னியப்பன் கூலிவேலைக்குப் போய் அங்கே நாலு வருசம் கிடந்தான், இறங்கும்போது இவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். பதினாலு வருசமாகியும் அவள் நாக்கு இறங்கவில்லை. முந்திரியை இன்றைக்கும் கொல்லாமரம் என்றுதான் சொல்வாள். களைவெட்ட வருகிற செல்லாத்தாளுக்கு அதைக் கேட்டால் போதும், அன்றைய பொழுது சிரித்தே போய்விடும்.

நாலு வருசத்துக்கு முன்னால், குடியிருப்பவனுக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்தபோது, தாலுக்காபீசிலிருந்து ஆள் சங்கிலி கொண்டுவந்து இவர்கள் குடிசையைச் சுற்றி அளந்தான். எந்தப் பக்கம் நீட்டி அளக்க என்று சென்னியப்பனைக் கேட்டான். சென்னியப்பன் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான். நாளைக்கு ஒரு டீக்கடை போடலாம் என்று நினைப்பு. அன்றைக்கு ராமுத்தாய் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது நாலு மூலையிலும் கல் நட்டாகிவிட்டது. தோப்புப் பக்கத்துக் கல்லிலிருந்து மருதாவின் மரம் நாற்பது அடி தள்ளி நின்றது.  மரம் எங்கே போகப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

இந்த வருசம் தீபாவளி கழிந்து பண்ணாடி தோப்புக்கு வந்தார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

“சென்னியப்பா, அணைத்தண்ணி வாய்க்கா நம்ம எல்லை வரைக்கும் வெட்டியாச்சு. தெரியுமில்ல?”

“தெரியுமுங்க பண்ணாடி.”

“தண்ணி வந்தா இது ரெண்டுபோகம் வெளையற வயலு. என்ற தம்பி இப்பவே மரத்தை வெட்டுங்கறான். ரெண்டு வருசமா அஞ்சு மூட்டை தாண்டலை. இந்த வருசம் எட்டு மூட்டை தேறுச்சுன்னு வெய்யி, கீழ்ப்பக்கத்தை மட்டும் வயலாக்கிட்டு இந்த மேட்டுப்பக்கத்தை நான் தொடமாட்டேன். தேறலீன்னா எல்லாத்தையும் வேரோட எடுத்தர்றது. முன்னாடியே சொல்லிப்போட்டேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கப்படாது.”

மருதாவின் மரம் மேட்டுப்பக்கத்தில் இருந்தது. பண்ணாடி சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் அப்படித்தான்.

பண்ணாடி போனதும் ராமுத்தாய் மரத்தடிக்குப் போய் நின்று மேலே பார்த்தாள். கொழுந்து நிறைய விட்டிருந்தது. “எட்டு மூட்டைதானே. வாங்கிருவோம்” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று சென்னியப்பன் கேட்கவில்லை.

மார்கழி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தோப்பைப் போட்டு உலுக்கியது. மரமெல்லாம் பூங்கொத்து தள்ளுகிற நேரம். ஒருநாள் காலையில் கொழுந்துகளில் எறும்பு வரிசையாக ஏறுவதை ராமுத்தாய் பார்த்தாள். கிளையை வளைத்துப் பார்த்தாள். பிறகு குடிசையைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

“இந்தாங்க, இங்கன வாங்க. பேன் விழுந்திருக்கு.”

“பேனா? உன்ற தலையிலயா?”

“வெளையாடாதீங்க. கொல்லாமரத்துல.”

சென்னியப்பன் வந்து பார்த்தான். கொழுந்துத் தண்டிலும் இளம் பூங்காம்பிலும் மண் நிறத்தில் பொடிப்பொடியாக அப்பிக் கிடந்தது. விரலை வைத்தால் பிசுபிசுத்தது.

“அட, இது அசுவினி. அவரையில, கல்லக்காச் செடியில எல்லாம் வர்றதுதான். காத்தடிக்குதில்ல, நாலு நாள்ல தன்னால போயிரும்.”

“எங்க மலையிலயும் ஒருத்தர் இப்படித்தான் சொன்னாரு. நாலு நாள்ல முப்பது தூரு போச்சு.”

அது அவளுக்கு ரத்தத்தில் ஊறின பயம். ஏலச்செடிக்குக் கட்டே என்று ஒரு நோய் உண்டு. இலையில் வெளிறின கோடு விழும், தூர் குட்டை பாயும், அப்புறம் காய் என்ற பேச்சே கிடையாது. ஒரு தூரிலிருந்து இன்னொரு தூருக்கு அதைக் கொண்டுபோவது பேன். பன்னிரண்டு வயசிலிருந்து ராமுத்தாய்க்கு அந்த வேலைதான். நோய்த் தூரைக் கண்டுபிடித்து, பிடுங்கி, தீவைப்பது. அவர்களை மேய்த்த கங்காணி அமிர்தநாதன் புதுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பாடம்தான் சொல்லுவார்: “பொடிப் பேனை எண்ணிக்கிட்டு நிக்காதே. கறுத்து, தடிச்சு, தனியா நடமாடுது பாரு, அதுதான் தாய்ப்பேன். அதை நசுக்கு. தாயில்லாம குட்டி எத்தனை நாளைக்கு?”

அந்தக் கண்ணோடுதான் அவள் முந்திரிக் கொழுந்தைப் பார்த்தாள். தேடினது உடனே கிடைத்தது. பேன் கூட்டத்துக்கு நடுவில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு நெல் நீளம். கறுப்பு. முதுகெல்லாம் முள்முள்ளாக, இடுப்பில் இரண்டு மஞ்சள் பொட்டு. ஆறு காலை இழுத்து இழுத்து நடந்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

“இதோ. தாய்ப்பேன்.”

“இதா? இத்தனாம்பெரிய ஆத்தாளா பேனுக்கு?”

“கோழி பெருசா, முட்டை பெருசா? சும்மா நில்லுங்க. மண்ணெண்ணெய் எடுத்தாங்க.”

“ரேசன்ல ரெண்டு லிட்டர் குடுக்கவே அழறான் புள்ள. வெளக்குக்கு?”

“பொழுதோட தின்னுட்டுப் படுத்துக்கிடலாம்.”

கொட்டாங்கச்சியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டாள். மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். முதலில் மருதாவின் மரம். ஒவ்வொரு கொழுந்தாகப் பிடித்து, கறுப்புப் புழுவை நகத்தால் எடுத்துக் கொட்டாங்கச்சியில் போட்டாள். விழுந்ததும் ஒரு தடவை சுருளும், அவ்வளவுதான்.

புழுவுக்குப் பக்கத்திலேயே சில கொழுந்தில் சிவப்பு வண்டும் இருந்தது. கடுகுப் புள்ளி வைத்த உருண்டைச் சிவப்பு. பொறிவண்டு என்பார்கள். மருதா அதைப் பொட்டுப்பூச்சி என்பாள். அவள் இருந்தபோது அதுதான் அவளுக்கு விளையாட்டு. கையில் ஏறவிட்டு, முழங்கை வரைக்கும் அது போகிறவரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்து, பறந்ததும் “போச்சே!” என்று கையை விரிப்பாள். ஒருநாள் நெற்றியில் ஒன்றை ஒட்டவைக்கப் பார்த்து அது கண்ணுக்குள் ஓடி, ஒரே அழுகை. அதனால் ராமுத்தாய் அந்த வண்டுகளுக்கு ஒரு கெடுதலும் வராமல் பார்த்துக்கொண்டாள். புழு எடுக்கும்போது வண்டு இருந்தால், “நீ அந்தாண்ட போ தாயி, மண்ணெண்ணெய் பட்டிரும்” என்று மெல்ல ஊதி அடுத்த இலைக்கு அனுப்பிவிட்டுத்தான் புழுவைத் தொடுவாள்.

இப்படி மார்கழி முழுக்க. விடிந்ததிலிருந்து வெயில் சாய்கிறவரை ஏணியும் கொட்டாங்கச்சியும்தான். முந்திரிப் பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்தது. செல்லாத்தாள் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள்.

“ஏனாயா மலைக்காரி, மரத்துக்குப் பேன் பாக்கறியே, என்ற தலைக்கும் கொஞ்சம் பாக்கறது!”

“உன் தலைக்கு ஏணி பத்தாது செல்லாத்தா, கோடாலி வேணும்.”

ஆனால் உள்ளூர எல்லோருக்கும் ஒரு மரியாதை வந்திருந்தது. சென்னியப்பனும் ரோட்டில் நின்று, “மலையில பழகுன கையி. அசுவினிக்கு ஆத்தாளையே புடிச்சுப்போட்டா” என்று போகிறவனிடமெல்லாம் சொன்னான். செல்லாத்தாள்கூட இரண்டு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று சேர்ந்து பொறுக்கினாள். ஓடைக்கரையில் நின்ற நாலு மரம் தவிர தோப்பு முழுக்க ஒரு சுற்று முடித்தார்கள். அந்த நாலில் ஒன்றில் பெரிய மலைத்தேன்கூடு தொங்கியது. காற்றடிக்கிற காலத்தில் அதன் கிட்டே ஏணி கொண்டுபோனால் உயிரோடு திரும்ப முடியாது. அதனால் அவற்றை விட்டுவிட்டார்கள்.

தைப் பொங்கலுக்குள் பேன் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. கூடிக்கொண்டே போனது. முன்னே தண்டில் இருந்தது இப்போது இலைக்கடியிலும் பூவுக்குள்ளும் போயிற்று. இலையெல்லாம் தேன் பூசினமாதிரி மினுங்கி, அந்தத் தேன்மேல் கரி படிந்தமாதிரி கறுப்பு ஏறியது. பூங்கொத்து காம்போடு கருகிக் கீழே கொட்டியது. மருதாவின் மரத்தில்தான் அதிகம். அதைத்தான் அவள் மூன்று சுற்றுப் பொறுக்கியிருந்தாள்.

தாய் இன்னும் எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்று நினைத்தாள். நாலாம் சுற்றுத் தொடங்கினாள். மண்ணெண்ணெய் தீர்ந்துபோய் உப்புத் தண்ணீரில் போட்டாள். இப்போது புழு கிடைப்பதே அரிதாக இருந்தது. ஒரு மரத்துக்கு இரண்டு, மூன்று. கிடைத்த அன்றைக்கு நம்பிக்கையோடு சோறு தின்றாள்.

“போதும் எறங்கு புள்ள” என்றான் சென்னியப்பன் ஒருநாள். “பூவே இல்லாத மரத்துல என்னத்தைப் பொறுக்கறே? கை பாரு, சீவுன கெழங்காட்ட இருக்குது.”

ஏணியிலிருந்தே திரும்பினாள். “நீங்க ரோட்டுப் பக்கம் கையக் காட்டாம இந்தப் பக்கம் காட்டியிருந்தா நான் எதுக்கு ஏணியில நிக்கேன்?”

நாலு வருசமாக உள்ளே வைத்திருந்த சொல் அது.  சென்னியப்பன் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டான். அவள் இறங்குகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

மாசி நடுவில் மஜீத் ராவுத்தர் இந்த வருசக் காய்ப்பு எப்படி என்று பார்க்க வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டுத் தோப்புக்குள் போனார். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து குடிசை வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“என்னம்மா இது, மரத்துக்கெல்லாம் கரியப் பூசிவிட்டாப்பல! ஒண்ணரை மூட்டை தேறுனா அல்லாவோட கிருபை.” பிறகு செம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: “அதிருக்கட்டும், அந்த ஓடைக்கரை நாலு மரத்துக்கு மட்டும் என்ன மருந்து வெச்சீங்க? கொத்துக்கொத்தா நிக்குது!”

“அதுக்கு ஒண்ணும் வெக்கலீங்க” என்றான் சென்னியப்பன். “தேன்கூடு இருக்குதுன்னு கிட்டவே போவல.”

“கிட்டப் போவாததுதான் மருந்து போல” என்று ராவுத்தர் சிரித்துவிட்டு சைக்கிளை எடுத்தார். வேடிக்கையாகச் சொன்னதுதான் அது. ஆனால் ராமுத்தாய் கையிலிருந்த செம்பைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

அன்றைக்கே ஓடைக்கரைக்குப் போனாள். தேன்கூடு காலியாகியிருந்தது. ஈ கிளம்பிப் போய் வெறும் அடை தொங்கியது. கிட்டப் போய்க் கிளையை வளைத்தாள். பச்சைக் கொட்டை நுனியில் வளைந்து வளைந்து நின்றது. கொழுந்துத் தண்டில் பேனின் வெறும் தோல், உமி மாதிரி வெள்ளையாக ஒட்டிக் கிடந்தது. உயிரோடு பேன் ஒன்று இரண்டுதான். அவற்றின் நடுவே அந்தக் கறுப்புப் புழு நடந்தது. ஒன்றல்ல, கொழுந்துக்குக் கொழுந்து இருந்தது.

தாய் இத்தனை இருக்கிறபோது குட்டி எங்கே?

அப்படியே உட்கார்ந்து பார்த்தாள். ஒரு புழு ஒரு பேனை எட்டிப் பிடித்தது. தூக்கினது. பேன் காலை ஆட்டியது. கொஞ்ச நேரத்தில் வெறும் தோலைப் போட்டுவிட்டுப் புழு அடுத்ததற்குப் போனது.

 அப்போதும் அவளுக்கு முழுசாகப் புரியவில்லை. இது தாயில்லை, இது வேறு ஏதோ என்கிற வரைக்கும்தான் புரிந்தது. மீதி மறுநாள் காலையில் புரிந்தது.

ஏணியை எடுக்கப் போனாள். பழக்கதோஷம், கை தன்னால் போனது. நாலாம் படியின் ஓரத்தில் ஒரு புழு வால் பக்கத்தை மூங்கிலில் ஒட்டிக்கொண்டு கட்டையாகி இருந்தது. எந்த நாள் எந்தக் கிளையிலிருந்து தப்பி அங்கே ஏறினதோ. செத்துப்போன மாதிரி இருந்தது. நகத்தை வைக்கப் போனாள். அது அசைந்தது. முதுகு வெடித்தது. உள்ளேயிருந்து மஞ்சளாக, ஈரமாக, பிறந்த குஞ்சு மாதிரி ஒன்று முட்டிக்கொண்டு வெளியே வந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டது.

ராமுத்தாய் ஏணிக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறியது. சோற்றுப் பானையை அடுப்பில் வைத்ததே மறந்துபோனது. அவள் கண்ணுக்கு முன்னாலேயே அந்த மஞ்சள் காய்ந்து, ஆரஞ்சாகி, சிவந்து வந்தது. பிறகு முதுகில் ஒவ்வொன்றாக, உள்ளேயிருந்து மை ஊறுகிறமாதிரி, கடுகுப் புள்ளி வந்தது.

பொட்டுப்பூச்சி.

அது இறக்கையைப் பிரித்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் பறந்து மருதாவின் மரத்துக்குள் போனது.

சோறு கருகுகிற வாசனைக்கு ஓடிவந்த சென்னியப்பன் அவள் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்துப் பாம்பு தீண்டிவிட்டதோ என்று பயந்துபோனான்.

“என்ன புள்ள? என்னாச்சு?”

“அது பேனோட தாய் இல்லீங்க. பொட்டுப்பூச்சியோட பிள்ளை. தாயை ஊதி ஊதி அந்தாண்ட அனுப்பிட்டு, அது கண்ணு முன்னாடி பிள்ளைகளைப் பூராவும் எடுத்து எடுத்து...” கையை நீட்டினாள். “இந்தக் கைதான். மண்ணெண்ணெயில.”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்தான். “தெரியாமத்தானே” என்றான். “தெரிஞ்சா செஞ்சே?”

“தெரியாம செஞ்சாலும் பூ கொட்டிப்போச்சே.”

பண்ணாடி பங்குனி முதல் வாரம் வந்தார். வந்த மூட்டை ஒன்றேமுக்கால். அதில் முக்கால் மூட்டை ஓடைக்கரை நாலு மரத்தினது. அவர் எதுவும் சொல்வதற்குமுன் ராமுத்தாய் அவர் காலுக்குக் கிட்டே போய் நின்றுகொண்டாள்.

“பண்ணாடி, இது மரத்துக் குத்தமில்ல. மரத்துக்குக் காவல் இருந்ததையெல்லாம் நான் கொன்னுட்டேன். நாலு மரத்துல நான் கைய வெக்கல, அது காய்ச்சிருக்கு பாருங்க. ஒரே ஒரு வருசம் விட்டுப்பாருங்க. ஒரு இலையைத் தொடமாட்டேன்.”

“எதைக் கொன்னே?”

“புழுவ. கறுப்புப் புழுவ.”

பண்ணாடி சென்னியப்பனைப் பார்த்தார். “ஏன்டா, இவளுக்கு மேலுக்கு நல்லால்லியா?”

“நல்லாத்தான் இருக்குதுங்க. அவ சொல்றது நெசந்தானுங்க” என்றான் சென்னியப்பன். இத்தனை வருசத்தில் பண்ணாடிக்கு எதிரே அவன் நிமிர்ந்து பேசினது அது ஒன்றுதான்.

பண்ணாடி ஓடைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டே வந்தார். வந்து ரொம்ப நேரம் துண்டை உதறிக்கொண்டிருந்தார். “நெசமாவே இருக்கட்டுமாயா. தண்ணி ஒரு வருசம் எனக்காகக் காத்திருக்காது. இந்த மாசம் மடைக்குப் பேர் குடுக்கோணும். உட்டுட்டா அப்பறம் என்ற தம்பி இல்ல, ஊரே சிரிக்கும். நான் சொன்ன சொல்லு எட்டு மூட்டை. அந்த நாலு மரம் நிக்கட்டும், ஓடைக்கரை அறுக்காம இருக்கும்.”

“அந்த ஒத்தை மரத்தை மட்டுமாச்சும்...”

அவள் எந்த மரத்தைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். புதைத்த அன்றைக்கு அவரும் வந்து நின்றவர்தான். அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னார்: “வயக்காட்டு நடுவுல மரம் நின்னா நெழல் விழும், டிராக்டர் திரும்பாது. வேரோடதான் எடுக்கோணும். ஒண்ணு செய்யுங்க. அதை நீங்களே எடுத்துக்கோங்க. கூலி ஆளுக கோடாலி அது மேல பட வேண்டாம்.”

அவரால் முடிந்த பெரிய உபகாரம் அதுதான். அதை உபகாரம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

மற்ற மரங்களை ஆட்கள் ஐந்து நாளில் முடித்தார்கள். ஆறாம் நாள் வெட்டவெளியில் ஒரு மரம் மட்டும் நின்றது. சென்னியப்பன் காலையில் ஒன்றும் தின்னாமல் போனான். கிளையைக் கழித்தான். அடியை வெட்டினான். மரம் சாய்கிறபோது ராமுத்தாய் முதுகைக் காட்டி நின்றாள். பிறகு அவன் கோடாலியை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான். வேரைச் சுற்றி, குழந்தையைக் குளிப்பாட்டுகிறமாதிரி, மெல்ல மெல்ல மண்ணை வழித்தான்.

ராமுத்தாய் தன் பழைய கல்யாணச் சேலையில் ஒரு கிழிசலைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை மடியில் விரித்துக் குழியோரத்தில் உட்கார்ந்தாள். கையில் கறுப்புவளை போட்டுத்தான் புதைத்திருந்தார்கள், இரண்டு கைக்கும் இரண்டு. அதையாவது எடுத்துப் பத்து சென்ட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

இடுப்பளவு ஆழம் போனான். வேர்தான் இருந்தது. பெரிய வேர், சின்ன வேர், நூல் வேர். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, மூன்று வயசுப் பிள்ளை படுக்கிற நீளத்துக்கு ஒரு கட்டு மாதிரி கிடந்தது. பிரித்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. ஒரு வளைத்துண்டுகூட இல்லை.

“ஒண்ணுமில்ல புள்ள” என்றான் குழிக்குள்ளிருந்து. “மரமே எடுத்துக்கிச்சு.”

அவள் மடியை விரித்தபடியே இருந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவன் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அந்தச் சேலைத் துண்டில் போட்டான். மேலே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

“இந்த மண்ணை நம்ம எடத்துல, குடிசைக்குப் பின்னால போட்டு, அதுல ஒரு கொட்டை ஊனிருவோம். முளைக்கும். அன்னைக்கு முளைக்கல?”

“எந்தக் கொட்டைய?”

“இதோட கொட்டையத்தான்” என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

இந்த வருசம் அந்த மரம் ஒரு கொட்டை காய்க்கவில்லை. போன வருசத்தினது அத்தனையும், கடைசிக் கொட்டை வரைக்கும், அவள் கையாலேயே மூட்டையில் போட்டு, ராவுத்தர் ஏற்றி, கொல்லத்தில் ஓடு உடைத்து, எந்த ஊரில் எவர் வாயிலோ போயாயிற்று.

“ஓடைக்கரைக் கொட்டை இருக்குதில்ல” என்றான் மெதுவாக.

“அது வேற மரங்க.”

 கழித்த கிளைகள் சுற்றிலும் கிடந்து வாடத் தொடங்கியிருந்தன. ராமுத்தாய் மண்ணை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். கிளைகளைத் தாண்டிப் போகிறவள் சட்டென்று குனிந்தாள். வாடின கொழுந்து ஒன்றில், கரி படிந்த இலைமேல், ஒரு கறுப்புப் புழு அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்தது. இலை முடிகிற இடத்துக்குப் போகும், தலையைத் தூக்கிப் பார்க்கும், திரும்பும்.

அவள் வெந்த விரலை அதன் முன்னால் வைத்தாள். ரொம்ப நேரம் கழித்து அது விரலில் ஏறியது.

“அதை எதுக்கு எடுக்கறே?” என்று கேட்டான் சென்னியப்பன்.

அவள் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். நிழல் என்று ஒன்றும் இல்லாத தரையில் வேர்க்குழிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். புழு விரலிலிருந்து புறங்கைக்கு ஏறி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைப் பக்கம் போனது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி போனாள். ஓடைக்கரை வந்ததும் கையை எட்டினமட்டும் உயர்த்தி ஒரு கொழுந்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

அது இலைக்குப் போகவில்லை. கையிலேயே நின்றது. கை கடுக்கக் கடுக்க அவளும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.